முதல் வரியோடு நின்றுவிடுகிறவர்கள்

வெள்ளவத்தையில், காலி வீதி ஓரத்து இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் மாலை ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காலையில் வெறுவயிற்றோடு வந்து இரத்தம் கொடுத்தவர்கள் ரிப்போர்ட் எடுக்க வருவார்கள். உறையைப் பிரிப்பார்கள், முதல் வரியைப் பார்ப்பார்கள், மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்கள். அந்த முதல் வரியில் இருப்பது மொத்தக் கொலஸ்ட்ரோல். அது 200க்குக் கீழே என்றால் முகம் மலர்ந்துவிடும்; அன்றிரவு கொத்து ரொட்டிக்கு வீட்டில் தடையில்லை. 200க்கு மேலே என்றால் ஒரு மாதத்துக்கு முட்டையும் இறாலும் வீட்டு வாசல் ஏறாது.

இரண்டு முடிவுமே தாளை அரைகுறையாக வாசித்ததால் வந்தவை.

கணக்குக்காக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவருக்கு மொத்தம் 190. வெள்ளவத்தை அம்மா ஒருவருக்கு 210. முதல் வரிப்படி அவர் தப்பிவிட்டார், அம்மா அகப்பட்டுவிட்டார். இனிக் கீழே போவோம். அவருடைய எச்.டி.எல். 32, ட்ரைகிளிசரைட் 240. அம்மாவின் எச்.டி.எல். 72, ட்ரைகிளிசரைட் 80. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தால் மிஞ்சுவதுதான் இரத்தக் குழாயின் சுவருக்குள் புகக்கூடிய கொலஸ்ட்ரோல் முழுவதும். அவருக்கு அது 158. அம்மாவுக்கு 138. ‘நோர்மல்’ என்று பையில் மடித்து வைக்கப்பட்ட தாள்தான் இரண்டில் மோசமான தாள்.

எல்.டி.எல். என்ற வரி இதைக் காட்டாதா என்று கேட்கலாம். எப்போதும் காட்டாது. பல ஆய்வுகூடங்கள் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. 1972இல் ஃபிரீடுவால்ட் என்பவரும் அவரது சகாக்களும் வெளியிட்ட சூத்திரத்தின்படி கணக்குப் போடுகின்றன: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைட்டின் ஐந்திலொரு பங்கையும் கழி. அந்தக் கணக்கில் கொட்டாஞ்சேனைக்காரரின் எல்.டி.எல். 110, அம்மாவினது 122. ட்ரைகிளிசரைட் ஏற ஏற இந்தச் சூத்திரம் எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டத் தொடங்கும். 400ஐத் தாண்டினால் அது செல்லவே செல்லாது. ஆக, எந்த உடம்புக்கு இந்த வரி மிகவும் தேவையோ அந்த உடம்பில்தான் அது வழுக்குகிறது.

அந்த உடம்பு பெரும்பாலும் நம்முடையது.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நீரிழிவு மற்றும் இதய நோய்கள் பற்றிய பெரிய ஆய்வொன்று நடந்தது. ஏழு மாகாணங்களில் 5,000 பேர் தெரிவானார்கள். வடக்கும் கிழக்கும் போர் காரணமாக விடுபட்டன; மேல் மாகாணம் உள்ளே இருந்தது. அதன் கொழுப்புத் தரவுகள் 2018இல் தனிக் கட்டுரையாக வெளிவந்தன. வயது வந்தவர்களில் நால்வரில் மூவருக்கு மேல் இரத்தக் கொழுப்பில் ஏதாவதொரு கோளாறு. அவற்றில் அதிகமாகக் காணப்பட்டது எச்.டி.எல். குறைவு. நாம் பயந்துகொண்டிருக்கும் ‘கொலஸ்ட்ரோல் கூடியிருக்கு’ என்ற வசனம் அல்ல, எவரும் பேசாத ‘எச்.டி.எல். குறைஞ்சிருக்கு’ என்பதே இந்த நாட்டின் பொது நிலை. மொத்தத்தில் எச்.டி.எல்.லும் ஒரு பங்கு. அது குறைந்தால் மொத்தமும் குறையும். முதல் வரி அழகாகும். ஒரு குறைபாடே நற்சான்றிதழாக மாறிவிடுகிற விசித்திரம் இதுதான்.

எச்.டி.எல். ஆணுக்கு 40க்கு மேலும் பெண்ணுக்கு 50க்கு மேலும் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. அதைக் குளிசை போட்டு ஏற்றிவிடலாம் என்று மருந்து நிறுவனங்களும் ஒரு காலம் நம்பின. டோர்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை நன்றாகவே ஏற்றியது. ஆனால் அதை உட்கொண்டவர்களிடையே மரணங்கள் கூடியதால் 2006இல் பரிசோதனையை இடையில் நிறுத்தினார்கள். எச்.டி.எல். குறைவு என்பது வீட்டு மணி அடிப்பதைப் போன்றது; மணியின் வயரைப் பிடுங்கினால் வாசலில் நிற்பவர் போய்விடமாட்டார். நிற்பவர் பெரும்பாலும் வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, நடக்காத கால், சிகரெட், அளவுக்கு மிஞ்சிய மாப்பண்டம்.

மாப்பண்டம் என்றதும் சிலருக்குக் கோபம் வரும். ‘நான் சைவம், எனக்கு எப்படிக் கொலஸ்ட்ரோல்?’ என்ற கேள்வியை வெள்ளவத்தையில் கேட்காத வைத்தியர் இருக்க முடியாது. கொலஸ்ட்ரோல் விலங்குணவில்தான் உண்டு என்பது சரி. ஆனால் நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கை உடம்பே செய்துகொள்கிறது, முக்கியமாக ஈரல். சாப்பிட்ட மாச்சத்தில் செலவழியாமல் மிஞ்சுவதை அதே ஈரல் ட்ரைகிளிசரைட்டாக மாற்றி இரத்தத்தில் இறக்குகிறது. காலை இடியப்பம், மத்தியானம் கோப்பை நிறையச் சோறு, நாலு மணிக்கு வடையும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும், இரவு புட்டு. இதில் ஒரு துண்டு இறைச்சி இல்லை. ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைட் 250 வருவதற்கு இது போதும்.

இலங்கையரின் உணவை அளந்த இன்னோர் ஆய்வு, 2014இல் வெளிவந்தது, இதை எண்ணிக்கையில் வைத்தது: நாளாந்தச் சக்தியில் 71 வீதம் மாச்சத்திலிருந்து வருகிறது, கொழுப்பிலிருந்து வருவது 19 வீதமளவில். கொழுப்பை அதிகம் உண்ணாத ஒரு சனத்துக்குக் கொழுப்புக் கோளாறு. கோழித்தோலை உரித்து எறிந்துவிட்டு மூன்றாம் தரம் சோறு போட்டுக்கொள்வதில் பயன் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. முட்டையின் மீதான பழியும் பழைய கதை. உணவுக் கொலஸ்ட்ரோலுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று இருந்த உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015இல் கைவிட்டது. ஏற்கெனவே இதய நோயோ நீரிழிவோ உள்ளவர் தன் வைத்தியரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளலாம். மற்றவர் வீட்டில் முட்டையை விரட்டிவிட்டு அந்த இடத்தில் பாணும் பட்டரும் வைப்பது நட்டக் கணக்கு.

தேங்காய் விஷயத்துக்கு வருவோம். இதைத் தொடாமல் இலங்கையில் இதயம் பற்றி எழுத முடியாது. தேங்காயெண்ணெய்ப் போத்தலில் ‘கொலஸ்ட்ரோல் அற்றது’ என்று எழுதியிருப்பது பொய்யல்ல. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரோல் இல்லை. மணலில் உப்பில்லை என்று எழுதி மணல் விற்பதைப் போன்ற உண்மை அது. தேங்காயெண்ணெயில் 80 வீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, ஈரல் எல்.டி.எல்.லைத் திரும்ப உள்ளிழுக்கும் வாசல்களைக் குறைப்பது இந்தக் கொழுப்புத்தான். 2020இல் ‘சர்க்குலேஷன்’ மருத்துவ இதழில் வந்த கட்டுரையொன்று பல பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. மற்ற மரக்கறி எண்ணெய்களோடு ஒப்பிட, தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.லைச் சராசரியாகப் 10 மில்லிகிராம் ஏற்றியது, எச்.டி.எல்.லை 4 ஏற்றியது. பேயும் அல்ல, அமிர்தமும் அல்ல. எல்.டி.எல். 90 உள்ளவருக்கு ஒரு கரண்டி சம்பல் பெரிய விடயமில்லை. 170 உள்ளவர் சொதிக்கு முதற்பால், வறைக்குத் தேங்காய்ப்பூ, பொரியலுக்குத் தேங்காயெண்ணெய் என்று மூன்று வாசலாலும் அதை வரவேற்றால், பிறகு குளிசையின் மேல் குறை சொல்லக்கூடாது. ரோல்ஸும் பட்டிஸும் கொத்தும் தனி ரகம். அங்கே கோதுமை மாவும் மாஜரீனும் பலதடவை கொதித்த எண்ணெயும் ஒரே கடதாசியில் சுற்றிக் கொடுக்கப்படுகின்றன.

இனி, ‘எனக்கு ஒண்டும் செய்யேல்லை’ என்பவருக்கு. செய்யாது. வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாது. எல்.டி.எல். துகள் குழாயின் உட்சுவரைத் துளைத்துப் போய் அங்கே தங்குகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுத்துப்போய் அங்கேயே செத்துக் கிடக்கின்றன. மேலே ஒரு மெல்லிய தொப்பி மூடுகிறது. வலி இல்லை, மூச்சு வாங்கல் இல்லை. கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இதயங்களை வெட்டிப் பார்த்த வைத்தியர்கள் 1953இல் எழுதினார்கள்: சராசரி வயது 22; நாலில் மூன்று பேரின் இதயக் குழாய்களில் படிவு தொடங்கியிருந்தது. செட்டியார் தெருவில் நகையை அடகு வைத்தவருக்கு இந்தக் கணக்கு விளங்கும். வட்டி வீதம் கொஞ்சம்தான், ஆனால் எத்தனை வருடம் என்பதில்தான் நகை மூழ்குகிறது. 130 எல்.டி.எல். ஒரு வருடம் இருப்பது வேறு, முப்பது வருடம் இருப்பது வேறு. கடைசியில் அந்தத் தொப்பி ஒருநாள் வெடிக்கிறது. இரத்தம் அதன்மேல் உறைகிறது. குழாய் சில நிமிடத்தில் அடைபடுகிறது. பாதிகூட அடைபடாமல் இருந்த இடத்திலும் இது நடக்கலாம் என்பதால்தான், போன மாதம் ‘ட்ரெட்மில்’ ஓடித் தேறியவரும் இந்த மாதம் விழுகிறார்.

நம்மவர்களுக்கு அந்த நாள் முந்தி வருகிறது. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தெற்காசியத் தரவுகள் 2007இல் தனியே வெளிவந்தன. இலங்கை, இந்தியா, பாக்கிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய ஐந்து நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. அந்த ஆறு வருடத்துக்குள் ஒரு பிள்ளையின் பல்கலைக்கழகமும் ஒரு பிள்ளையின் கலியாணமும் அடங்கும்.

வெள்ளவத்தைக்கே உரிய ஒரு குழப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பிள்ளைகள் லண்டனில், ரொறன்ரோவில், மெல்போணில். ‘அப்பா, எனக்கு 5.1 தான், உங்களுக்கு ஏன் 190?’ என்று தொலைபேசியில் மகன் பதறுவான். அங்கே அலகு மில்லிமோல், இங்கே மில்லிகிராம். கொலஸ்ட்ரோலுக்கு அவர்கள் எண்ணை 38.67ஆல் பெருக்கினால் நம் எண் வரும், ட்ரைகிளிசரைட்டுக்கு 88.57. மகனின் 5.1 என்பது 197. அப்பாவைவிட மகனுக்குத்தான் கூட. முப்பத்தைந்து வயதில் அந்த எண்ணைச் சுமக்கிற மகனைப் பற்றி அப்பா பதற வேண்டும்.

குளிசை விடயம் இன்னும் கவலைக்குரியது. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் என்ற இந்த மருந்தின் பிறப்பிடம் அரிசிக் கடை என்றால் நம்பக் கஷ்டமாயிருக்கும். ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்துப் பார்த்தார். கியோத்தோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியிலிருந்து எடுத்த பூஞ்சணம்தான் கை கொடுத்தது. அந்த வழியில் வந்த முதல் மருந்து 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. ஸ்கண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளரிடம் நடந்து 1994இல் வெளிவந்த பரிசோதனையில், சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மரணம் 30 வீதம் குறைந்தது. அதன்பின் வந்த பரிசோதனைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், எல்.டி.எல்.லில் ஒவ்வொரு 39 மில்லிகிராம் குறைவுக்கும் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்களவு குறைகின்றன. அரச கிளினிக்கில் கிளினிக் கொப்பியைக் காட்டினால் இலவசமாகக் கிடைக்கிற மருந்து இது.

கிடைக்கிறதை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மூன்று மாதம் போட்டதும் எல்.டி.எல். 160இலிருந்து 95க்கு வரும். ‘இறங்கிட்டுது’ என்று குளிசையை நிறுத்துவார்கள். இறங்கியது குளிசையால், நிறுத்தினால் சில கிழமைகளில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். குடை பிடித்ததால் நனையவில்லை என்பதை மழை விட்டுவிட்டதென்று எடுத்துக்கொள்கிறோம். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது விட்டவர்கள் சிலர், மருந்து திரும்பி வந்த பிறகும் அதற்குத் திரும்பவில்லை. இன்னும் சிலர் உள்ளி, இஞ்சி, தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, தேன் கலந்து காய்ச்சிய போத்தலொன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உணவாக அதில் தீங்கு பெரிதாக இல்லை. குழாயில் படிந்ததை அது கரைக்காது.

‘குளிசை போட்டால் கால் உளையுது’ என்பது உண்மையான முறைப்பாடு, அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் லண்டனில் நடந்து 2020இல் வெளிவந்த ‘சாம்சன்’ பரிசோதனை சுவையானது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தே இல்லாத வெறும் குளிசை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாறிமாறிக் கொடுத்தார்கள். குளிசை கொடுத்த மாதங்களில் எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டினால் வந்த உபாதைகளின் 90 வீதம் வெறும் குளிசைக்கும் வந்தது. அவர்களில் பாதிப்பேர் திரும்ப மருந்தைத் தொடங்கினார்கள். தசைநோ கடுமையாகி, சிறுநீர் கறுத்துப் போனால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்; அது அரிது. கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க எண்ணுகிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. மற்றவர்கள் நிறுத்துவதற்கு முன் கேட்க வேண்டும். அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாறலாம், வழி இருக்கிறது.

எண்களைவிட இரத்த உறவு பெரிதாகப் பேசுகிற வீடுகளும் உண்டு. தகப்பனுக்கு 55க்கு முன்னரோ தாய்க்கு 65க்கு முன்னரோ மாரடைப்பு வந்திருந்தால், அல்லது எவருக்காவது எல்.டி.எல். 190ஐத் தாண்டினால், அந்த வீட்டில் எல்லோரும், பிள்ளைகள் உட்பட, பார்க்க வேண்டும். எல்.டி.எல்.லைப் பிடித்திழுக்கும் வாசல்கள் பிறப்பிலேயே குறைந்த பரம்பரை நோய் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உண்டு. மச்சான் மச்சாளைக் கட்டுகிற குடும்பங்களில் இருபக்கமும் அது சேர்ந்து வந்துவிட்டால் பிள்ளைக்குச் சிறுவயதிலேயே ஆபத்து. லிப்போபுரோட்டீன் (ஏ) என்று இன்னொரு துகள். அதன் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பரம்பரை, சாப்பாடு அல்ல. வாழ்நாளில் ஒருதரம் பார்த்தால் போதும். இங்கே பலருக்கு அந்தப் பெயரே தெரியாது.

கடைசியாக, இரவு பத்து மணி. நெஞ்சுக்கு நடுவில் பாறாங்கல் வைத்ததுபோல் ஓர் அழுத்தம். வியர்க்கிறது. ‘வாய்வு’ என்று வீட்டில் முடிவாகிறது. இஞ்சித் தேத்தண்ணி வருகிறது, பிறகு சோடா, பிறகு முதுகுக்குத் தைலம். விடியட்டும் பார்க்கலாம் என்று படுக்கிறார்கள். இந்த நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது; அடைப்பை எடுத்துவிடும் சிகிச்சையின் பலன் முதல் ஓரிரு மணித்தியாலங்களில்தான் உச்சம். நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் நெஞ்சு நோவே இல்லாமல், தாடை நோ, மூச்சு முட்டல், காரணமில்லாத களைப்பு என்று அது வரலாம். இந்த நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு நீரிழிவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் விஷயம் முடிந்ததாகாது. சில மணித்தியாலம் வைத்திருந்து இதயத் தசையின் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனினை இரத்தத்தில் பார்ப்பார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் பணமில்லாமல் வரும். 2016 ஜூலையில் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை அது. வெள்ளவத்தையிலிருந்து களுபோவில ஆஸ்பத்திரியும், கொட்டாஞ்சேனையிலிருந்து தேசிய ஆஸ்பத்திரியும் அதிக தூரமில்லை. முச்சக்கர வண்டி தேடி வீதியில் நிற்க வேண்டியதில்லை.

அலுமாரியில் பழைய ரிப்போர்ட் ஒன்று கிடக்கும். இன்றிரவு அதை எடுங்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். 130க்கு மேல் வந்தால், அல்லது ட்ரைகிளிசரைட் 150ஐத் தாண்டியிருந்தால், முதல் வரி என்ன சொன்னாலும் அந்தத் தாளோடு வைத்தியரிடம் போங்கள். ஏற்கெனவே மாரடைப்போ நீரிழிவோ இருந்தால் 130 என்ற எல்லை உங்களுக்கு இல்லை; உங்களுக்குரியது 100 அல்லது அதற்கும் கீழே. போகும்போது சீனி, பிறஷர் ரிப்போர்ட்டுகளையும் கொண்டு போங்கள். தையற்காரரின் நாடாவால் இடுப்பையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: தெற்காசிய ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80உம்தான் எல்லை.